பெரிய கங்காணி வீடு: டிக்கோயாவில் ஒரு பாதுகாப்பு விண்ணப்பம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மாரியம்மன் கோயிலுக்கு மேலே, பழைய லயத்துக்குப் (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பக்கவாட்டில் ஒரு வீடு நிற்கிறது. ஊரில் எல்லோரும் பெரிய கங்காணி வீடு என்பார்கள். அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கச் சொல்லித் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்ட குழுவில் நானும் ஒருவன். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். மற்றபடி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதே வேலையை வேறு தோட்டங்களில் தொடங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குள் ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற நினைத்தால், அதற்குள் குடியிருக்கும் குடும்பங்களின் காணியும் புது வீடும்தான் முதல் வேலை. கட்டடத்தின் வயது, அளவுப் படம், வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் ஊர் நம்மோடு நிற்காது. நிற்க வேண்டிய காரணமும் இல்லை.

வீடும் பக்கத்து லயமும்

முன்னால் நீளமான இஸ்தோப்பு (வெளித் திண்ணை), ஆறு மரத்தூண்கள். நடுவில் ஒரு பெரிய கூடம், இரண்டு பக்கமும் காம்பராக்கள். பின்னால் சின்ன முற்றம், குசினி, அதற்கும் பின்னால் தனியாக அரிசிக் காம்பரா. சுவர் கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியது. ஒன்றரை அடிக்குக் குறையாத தடிப்பு. கூரை தகரம். கதவு, நிலை எல்லாம் பலா. உள்ளே பிற்காலத்தில் குடும்பங்கள் பிரித்துக்கொண்டு இருந்ததால், தேயிலைப் பெட்டிப் பலகைகளை அடித்து மறைப்புப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பலகைகளில் தோட்டத்து மார்க்கும் பீ.ஓ.பி. என்ற தேயிலை ரகத்தின் எழுத்தும் இன்னும் மங்காமல் இருக்கின்றன. எங்களோடு வந்த கட்டடக்கலை மாணவி முதலில் நின்று படம் எடுத்தது அந்தப் பலகைகளைத்தான்.

என்னை நிறுத்தியது அரிசிக் காம்பரா. உத்தரத்தில் தராசு மாட்டும் இரும்புக் கொக்கி அப்படியே தொங்குகிறது. கீழே கல் தரை. வாசற்படியிலிருந்து கொக்கிக்கு நேர் கீழே வரை, மூட்டைகளை இழுத்து இழுத்து ஒரு வழி தேய்ந்து கிடக்கிறது. அதில் கையை வைத்தால் வழுவழுப்பு தெரியும், இரண்டு பக்கத்துக் கல்லும் சொரசொரப்பாகவே இருக்கும். சன்னலுக்குக் கீழே சுவரில் கரிக்கோடுகள், ஐந்து ஐந்தாகச் சேர்த்துப் போட்டவை. அவை எந்தக் கணக்கு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே விண்ணப்பத்தில் 'சுவரில் கரிக்கோடுகள் உள்ளன' என்று மட்டும் எழுதினோம்.

வீட்டிலிருந்து பார்த்தால் லயம் தெரியும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம். மலையகம் முழுக்கச் சொல்லப்படும் அதே பத்தடி, பன்னிரண்டடிக் காம்பராக்கள். கூடத்துக்குள் நின்று வாசல் வழியாக வெளியே பார்த்தால் லயத்தின் அத்தனை கதவுகளும் ஒரே பார்வையில் அகப்படும். லயத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் இஸ்தோப்பு மட்டும்தான் தெரியும். வீட்டை அங்கே வைத்தவர் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார். ஆகவே வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு லயத்தை இடித்தால், மிச்சமிருப்பது ஒரு வசதியான பழைய வீடு. அது எப்படி வசதியாக ஆனது என்பதற்கான சாட்சி போய்விடும்.

கங்காணி முறை தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுவருபவர் கங்காணி. வழிச் செலவும் முன்பணமும் ஆளின் பெயரில் கடனாக ஏறும். அரிசி தோட்டத்துக்கு மூட்டையாக வரும், ஆளுக்கு அளந்து கொடுப்பார்கள், அந்த விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை கடன் தீர்த்தால் இவர்களை விடுவிக்கலாம் என்று துரை (தோட்ட நிர்வாகி) எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆட்களும் கைமாறினார்கள். துண்டு முறையைச் சட்டத்தால் நிறுத்தியது 1921இல். இந்த வீடு அதற்கு முன்னால் கட்டியது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது அடுத்த விஷயம்.

சாதாரண வருஷம், தை மாதம்

கூடத்து வாசல் நிலையின் மேற்கட்டையில் தமிழில் செதுக்கியிருக்கிறது: 'சாதாரண வ௵ தை மீ'. வருஷத்தின் பெயர் இருக்கிறது, எண் இல்லை. அறுபது வருஷச் சுற்றில் சாதாரண வருஷம் 1850இல் வந்தது, 1910இல் வந்தது, 1970இலும் வந்தது. தை மாதம் என்றால் அடுத்த ஆண்டின் ஜனவரி நடுப்பகுதிக்குப் போகும். ஆக 1851, 1911, 1971. மூன்றில் எது?

1851 முதலில் கழிந்தது. டிக்கோயாப் பள்ளத்தாக்கு கோப்பிக்காகத் திறக்கப்பட்டதே 1860களின் பிற்பகுதியிலிருந்துதான். அதற்கு முன் அங்கே காடு. அதோடு இந்தக் கூரையின் தகரமும் இரும்புச் சாமான்களும் மாட்டு வண்டியில் மலையேறி வந்திருக்கக்கூடிய அளவைத் தாண்டியவை. ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல். தகரம் பின்னால் மாற்றியதாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் கைமரங்களில் ஓட்டுக்கோ மரச்சில்லுக்கோ சட்டம் அடித்த தடயம் எதுவும் இல்லை. முதலிலிருந்தே தகரத்துக்காகப் போட்ட கூரை அது.

1971ஐக் கழிக்க உதவியது கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு புகைப்படம். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் பெரிய கங்காணியின் வழியில் வந்த ஒரு கிளை நீலகிரிக்குப் போய்விட்டது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வாட்ஸ்அப்பில் அவர்களைத் தேடிப் பிடித்தாள். அவர்கள் அனுப்பிய படத்தில் தலைப்பாகையும் கோட்டும் போட்ட ஆண்கள் இதே இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு தூணும் தெரிகின்றன. பின்பக்கத்தில் பென்சிலால் 1926 என்று எழுதியிருக்கிறது. படத்தின் இடது ஓரத்தில் லயத்தின் கூரை நுனி விழுந்திருக்கிறது. எங்களுக்கு அதுதான் பொக்கிஷம். வீடும் லயமும் ஒரே காலத்தில் அக்கம்பக்கமாக நின்றன என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மிஞ்சியது 1911. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பெர்குசன் டிரெக்டரிகளைப் பார்த்தோம். தோட்டத்தின் பெயர், ஏக்கர், துரையின் பெயர் எல்லாம் வருடாவருடம் அதில் இருக்கும். கங்காணியின் பெயரோ வீடோ இருக்காது. அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். தோட்டத்து ஆபீசில் கிடைத்த ஒரு பழைய நில அளவைப் படத்தில்தான் லயத்துக்கு மேலே ஒரு தனிச் சதுரம் குறித்திருந்தது. ஆபீஸ் அலமாரிகளில் இப்படிப்பட்ட படங்கள் கரையான் தின்னக் கிடக்கின்றன. யாராவது ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய் அவற்றைப் படம் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

1815 என்ற கோடு

இலங்கையில் பழைய கட்டடத்தைக் காக்கும் முக்கியச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அதில் ஒரு திகதி வருகிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்று நம்பப்படும் கட்டடம் சட்டத்தின் கண்ணில் புராதனச் சின்னம். பிந்தியதாக இருந்தால் தானாக எந்தப் பாதுகாப்பும் வராது. அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தின் பெயர் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று வெளிவர வேண்டும்.

இதை மலையகத் தமிழர் ஒருவர் வாசித்தால் என்ன தோன்றும்? நம் ஆட்கள் இங்கே வரத் தொடங்கியது 1820களில். கம்பளையில் ஜோர்ஜ் பேர்டின் கோப்பித் தோட்டமும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகம் 200 நடைப்பயணம் போனதும் அந்தக் கணக்கில்தான். ஆக இந்த மண்ணில் நம் கை பட்டுக் கட்டிய ஒரு கல்லாவது 1815க்கு முன்னால் இருக்க வழியே இல்லை. நம் பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்), பிரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்), லயம், கோயில், கங்காணி வீடு எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம். யாராவது எழுதிக் கேட்காவிட்டால் அவற்றில் ஒன்றும் பட்டியலுக்குள் வராது. இந்தத் திகதியை நம்மை மனதில் வைத்து யாரும் போடவில்லை. ஆனால் விளைவு நம் மேல்தான் விழுகிறது. ஆகவே எழுதிக் கேட்பதை நம் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வேறு வழிகளையும் பார்த்தோம். 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் அதன் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிகளுக்குத்தான் செல்லும், கண்டி மாதிரி நகரங்களுக்கு அது பயன்படுகிறது. எங்கள் தோட்டம் அப்படிப்பட்ட பகுதியில் இல்லை. பிரதேச சபை இருக்கிறது. ஆனால் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் சாதாரண ரோட்டு வேலை செய்யவே நெடுங்காலம் சட்டம் தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல் திருத்திய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. சபையில் ஒரு தீர்மானம் போடச் சொன்னோம், போட்டார்கள். அந்தத் தீர்மானத்தால் யாரையும் இடிக்காமல் தடுக்க முடியாது. ஆனால் திணைக்களத்துக்கும் கம்பனிக்கும் எழுதும்போது இணைக்க ஒரு கடதாசி கிடைத்தது, அதற்குப் பெறுமதி உண்டு.

மலையகத்தில் ஏற்கனவே காப்பாற்றப்பட்டவை எவை என்று பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். துரை பங்களாக்கள் பல ஹோட்டல்களாகி நன்றாகவே பராமரிக்கப்படுகின்றன. லூல்கந்துரயில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரின் மரவீட்டில் மிஞ்சியது கல் அடுப்பும் புகைபோக்கியும்தான். அதையே பேணி, வழிகாட்டி, ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை நூதனசாலையாக இருக்கிறது. தொழிலாளரின் பக்கத்தில் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் ஒரு லயத்திலேயே அமைத்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. எங்களுக்கு முன்மாதிரி அதுதான். கூடையும் கவ்வாத்துக் கத்தியும் துண்டுச் சீட்டும் லயக் காம்பராவுக்குள்ளேயே இருப்பதைப் பார்க்கும்போது வரும் பாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நகரத்து நூதனசாலையில் வராது. டெய்லரின் அடுப்பைக் காப்பாற்றியதில் எனக்குக் குறை இல்லை. அதே அக்கறை லயத்து அடுப்புக்கும் வேண்டும்.

கோயில் மண்டபத்தில் நடந்தது

ஊர்க்கூட்டம் கோயில் மண்டபத்தில். நல்ல கூட்டம். நாங்கள் படங்களைக் காட்டி விளக்கி முடித்ததும் ஓர் இளைஞன் எழுந்தான்.

"அண்ணே, லயத்த மியூசியமாக்கிட்டு எங்கள அதுக்குள்ளயே வெச்சிருப்பீங்களா?"

மண்டபம் சிரித்தது, ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தனி வீடும் 7 பேர்ச் காணியும் என்று பேச்சு வந்து எத்தனையோ வருடம். இந்திய உதவியில் 4,000 வீடு, 2017இல் நோர்வூட்டுக்கு வந்த நரேந்திர மோடி அறிவித்த மேலும் 10,000 வீடு என்று எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தங்கள் தோட்டத்துக்கு எத்தனை வரும் என்பதுதான் தெரியாது. அப்படி இருக்கும்போது லயத்தைக் காப்பாற்றுவோம் என்று ஒரு குழு வந்தால் ஊருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இன்னொரு பயமும் வந்தது. தொல்பொருள் பலகை நட்டால் காணி போய்விடும் என்றார்கள். வடக்கு, கிழக்கிலிருந்து வரும் செய்திகளை எல்லோரும் பார்க்கிறார்கள். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் பணிகளுக்காக அமைத்த ஜனாதிபதி செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாதது இங்கேயும் பேசப்பட்ட விஷயம். இது வேறு மாதிரியான விண்ணப்பம், கேட்பது நாம்தான், எல்லையை வரையப்போவதும் நாம்தான் என்று விளக்கினோம். சிலர் ஏற்றார்கள். சிலர் ஏற்கவில்லை.

அப்புறம் பின்வரிசையில் இருந்த ஒரு அப்பாயி பேசினார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

"அந்த ஊட்டு வாசல்ல அரிசிக்கு நின்னவங்க எங்க மாமியா. நிமிந்து பாக்கக் கூடாது. குனிஞ்சே நிக்கணும். பேறுகாலம் முடிஞ்சு முப்பது கூட ஆகல, அப்பவும் நின்னாங்களாம். தம்பி, அதையும் எழுதுவீங்கன்னா காப்பாத்துங்க. எழுத மாட்டீங்கன்னா அது இடிஞ்சு போகட்டும்."

கங்காணியின் வழியில் வந்த ஒரு குடும்பமும் கூட்டத்தில் இருந்தது. இப்போது அவர்களும் மற்றவர்களைப் போலத்தான், ஒருவர் டவுனில் கடையில் வேலை செய்கிறார், ஒருவர் கொழும்பில். அந்த வீட்டு அம்மா முகம் வாடிப்போய் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாயி சொல்றது எங்க வீட்டுலயும் பேசுற கதைதான். எழுதுங்க. ஆனா அவர்தான் கோயிலையும் கட்டினாரு, பள்ளிக்கூடத்துக்கு மொத வாத்தியாரையும் கூட்டிட்டு வந்தாரு. அதையும் எழுதுங்க" என்றார். நான் பார்த்த கூட்டங்களில் அவ்வளவு நேர்மையான பேச்சு குறைவு.

அந்த இரண்டு பேச்சும்தான் முக்கியத்துவ அறிக்கையின் முதல் பந்தி ஆயின. விண்ணப்பத்தில் இந்த அறிக்கைதான் உயிர். கட்டடம் ஏன் பொதுச்சொத்தாக மதிக்கப்பட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும். எங்கள் முதல் வரைவில் தூணும் சுண்ணாம்பும் நிறைய இருந்தன. கூட்டத்துக்குப் பிறகு எழுதியதில் அரிசிக் காம்பராவும் கொக்கியும் தேய்ந்த கல்லும் முன்னுக்கு வந்தன. கடன் எப்படி ஏறியது, யார் அளந்தார், யார் வாசலில் நின்றார் என்பதை நேராகவே எழுதினோம். கோயிலும் வாத்தியாரும் அதற்கு அடுத்த வரியில்.

கூட்டம் ஒரு நிபந்தனையும் போட்டது. வீட்டில் குடியிருக்கும் மூன்று குடும்பங்களுக்கும், எல்லைக்குள் வரும் லயக் காம்பராக்களில் இருப்பவர்களுக்கும் வேறு இடத்தில் வீடு உறுதியாகும் வரை விண்ணப்பத்தை அனுப்பக் கூடாது. குழுவில் சிலருக்கு மனவருத்தம். ஒரு மழைக்காலம் போனால் பின்சுவர் போய்விடும் என்றார்கள். எனக்கு அந்த நிபந்தனை சரியாகவே பட்டது. இன்றும் அப்படியே.

நிலம் யாருக்கு, கையெழுத்து யாருடையது

நகரத்தில் ஒரு வீடு என்றால் உரிமையாளர் ஒருவர் இருப்பார். அவரோடு பேசலாம், ஆட்சேபணை இருந்தால் கேட்கலாம். தோட்டத்தில் அப்படி இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகை. ஆக நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, நான்கைந்து தலைமுறையாகக் குடியிருப்பது தொழிலாளர். குடியிருப்பவரிடம் பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பாதுகாப்பு அறிவித்தல் வந்தால் கூரையைத் தொடக்கூட அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு விழப்போவது கையெழுத்துப் போட உரிமையே இல்லாத ஆளின் மேல். காணியை முதலில் பேச வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

கம்பனியின் முதல் கடிதம் சுருக்கமாக இருந்தது. கட்டடம் பாவனைக்கு உகந்ததல்ல, இடிக்க உத்தேசம் என்று. அவர்களுக்குக் கையில் ஒரு நியாயமும் கிடைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பின்பக்கச் சரிவைப் பார்த்து, கனமழையில் பின்காம்பராக்களில் படுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த அறிக்கையை அலட்சியம் செய்துவிட்டுக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது பாவம்.

ஆனால் அதே அறிக்கையைக் கொண்டுதான் குடும்பங்களின் பெயர்களைப் புது வீட்டுப் பயனாளிகள் பட்டியலில் மேலே கொண்டுவர முடிந்தது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தொழிற்சங்கத் தலைவர்மார் என்று எல்லோரிடமும் அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அந்த மூன்று வீட்டுப் பெண்கள்தான். குழு பின்னால் நின்றது, அவ்வளவுதான். இரண்டு குடும்பங்கள் இப்போது கீழே புது வீட்டில் இருக்கின்றன. காணியின் உறுதி இன்னும் கையில் வரவில்லை. மூன்றாவது குடும்பத்தின் விண்ணப்பம், தோட்டத்தில் வேலை செய்யும் மகனின் பெயரில் போட வேண்டுமா தாயின் பெயரில் போட வேண்டுமா என்ற சிக்கலில் கொஞ்ச காலம் நின்றது. தாயின் பெயரில்தான் போட வேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்தது. இப்போது அவர்களுக்கும் அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் விண்ணப்பம் தபாலில் போனது.

கம்பனியோடு உடன்பாடு வந்தது எல்லைப் படத்தால். அவர்களின் உண்மையான கவலை, அறிவித்தல் வந்தால் லொறி ரோட்டை அகலமாக்க முடியாது, பக்கத்து மலையில் மறுநடுகை செய்ய முடியாது என்பது. ஆகவே கேட்கும் எல்லையைத் துல்லியமாக வரைந்தோம்: வீடு, முற்றம், அரிசிக் காம்பரா, லயத்தின் வீட்டுப் பக்கத்து நான்கு காம்பராக்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்). ரோடு வெளியே, தேயிலை வெளியே. லயத்தின் மிச்சக் காம்பராக்களை, ஆட்கள் புது வீட்டுக்குப் போனபின் இடிப்பதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றும் எழுதிக் கொடுத்தோம். இடிக்கத்தான் வேண்டும். நான்கு காம்பரா சாட்சிக்குப் போதும், மற்றது மனிதர் இருக்கக்கூடாத இடம்.

கானும் சுண்ணாம்பும்

பழுதுபார்ப்பில் செலவான பணம் சிறியது, கற்றது பெரியது. பின்சுவர் வீங்கி வெடித்திருந்தது. சுவர் பழசு, அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்து பார்த்த பொறியியலாளர் முதலில் காட்டியது கானை. வீட்டின் பின்னால் மலையிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப வெட்டிய கல் கான் மண் நிறைந்து மூடிப்போய், தண்ணீர் நேரே சுவரடிக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது, ஈரத்தைத் தடுக்கவென்று யாரோ ஒரு காலத்தில் இடுப்பளவுக்குச் சிமெந்து பூசியிருந்தார்கள். மண்சாந்துச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் உள்ளே போன ஈரம் வெயிலில் வெளியே வந்துவிடும். சிமெந்து அதை உள்ளேயே அடைத்து வைக்கும். சாந்து கரையும், கல் நகரும், சுவர் வீங்கும்.

ஊர் இளைஞர்கள் சிரமதானத்தில் கானை வெட்டித் திறந்தார்கள். கோயில் மண்டபத்தில் கேள்வி கேட்ட அதே தம்பிதான் முன்னால் நின்றான். சிமெந்தைக் கொத்தி எடுக்கும் வேலையை அவசரப்படாமல், பெயர்ந்து நிற்கும் இடத்தை மட்டும், ஒரு வயதான மேசன் செய்தார். அவருக்குச் சுண்ணாம்பு நீற்றிப் பதப்படுத்தும் முறை தெரியும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் வைத்து, வெண்ணெய் மாதிரி ஆனபின் மணலோடு குழைப்பது. அவரிடம் இரண்டு பையன்கள் பழகுகிறார்கள். அடுத்த மழையில் பின்காம்பராவின் தரை காய்ந்தே இருந்தது. வர்த்தமானி இன்னும் வராத வீட்டை அதுவரை நிறுத்தி வைத்திருப்பது அந்தக் கான்தான்.

ஆட்கள் போன வீட்டுக்கு வேறோர் ஆபத்து உண்டு. ஆள் இல்லை என்று தெரிந்தால் தகரம் போகும், பலகை போகும், பிறகு மழை உள்ளே வரும். இதைத் தடுக்கக் கூடத்தைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குக் கொடுத்திருக்கிறோம். பாரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துத்தான், முன்பக்கம் மட்டும், மழை எச்சரிக்கை நாட்களில் வகுப்பு இல்லை. ஓ.எல். பரீட்சை எடுக்கும் பிள்ளைகள் கணக்குப் படிக்கிறார்கள். தேயிலைப் பெட்டிப் பலகைகளில் யாரும் கீறக் கூடாது என்பது அவர்களே எழுதி ஒட்டிய சட்டம்.

இப்போதைய நிலை

திணைக்களத்திலிருந்து வந்து பார்த்தார்கள். அளவெடுத்தார்கள், நிலையின் எழுத்தைப் படி எடுத்தார்கள், 1926 படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினார்கள். இணைப்புகள் எல்லாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் கொடுத்திருந்தது வேலையை இலகுவாக்கியது. வருஷச் சுற்றை விளக்கும் பக்கத்தை ஓர் அதிகாரி இரண்டு தடவை வாசித்துவிட்டு, அதே அறுபது வருடக் கணக்கோடு வேறு வீடுகளும் உங்கள் பக்கம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும். கோயில் மணிகளிலும் நிலைகளிலும் நான் பார்த்திருக்கிறேன்.

அறிவித்தல் வருமா, வந்தால் நாங்கள் கேட்ட எல்லையோடு வருமா என்பது இனி அவர்கள் கையில். அறிவிக்க முடிவானாலும் ஆட்சேபணைகளைக் கேட்டபின்தான் வர்த்தமானி. கம்பனி ஆட்சேபணை போடாது என்று எழுத்தில் இருக்கிறது. வந்தபின் எந்தப் பழுதுக்கும் முன் அனுமதி வேண்டும் என்பதால், பெயர்ந்த தகரங்களை இப்போதே, அதே அலை அளவுள்ள பழைய தகரத்தைத் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இனி இதைத் தொடங்குபவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை: பழைய நில அளவைப் படம், ஒரு பழைய புகைப்படம், பிரதேச சபைத் தீர்மானம், சரிவு பற்றிய அறிக்கை, ஊர்க்கூட்டத்தின் கையெழுத்து. அதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்களின் பெயர் வீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் போய்ப் பாருங்கள். எங்கள் விண்ணப்பத்தின் வெற்றுப் படிவங்களும் எல்லைப் படம் வரைந்த முறையும் கேட்பவர்களுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. மூன்றாவது குடும்பத்தின் வீட்டுக்குக் கூரை போட்டதும், இரண்டு வீட்டுக் காணி உறுதிகளுக்காகப் பிரதேச செயலகத்துக்கு மறுபடி போகிறோம்.